வாக்யூம் சீலர் வாங்கலாம், ஆனா அது ஃபிரிட்ஜ் இல்லைங்க

1/
போன மாசம் ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, ஆஃபர்ல ஒரு சீல் பண்ற மிஷின் வாங்கியிருக்கேன். கோழிக்குழம்பு வச்சு, காத்தை உறிஞ்சி, கொரியர்ல போட்டு விடவா? பத்து நாள் ஆனாலும் கெடாதாம்ல."

வேணாம்மான்னேன். ஏன்னு அவங்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/
பூஞ்சைக்கும், உணவைக் கெடுக்கும் பல பாக்டீரியாக்களுக்கும் காற்று வேணும். காற்றை எடுத்துட்டா அவை அடங்கும். வேர்க்கடலையில் காறல் வாடை சீக்கிரம் வராது, அரிசியில் வண்டு பெருகாது. இதுவரை விளம்பரம் சொல்றது சரி.

3/
விளம்பரம் சொல்லாதது இது. கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்னு மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. காற்று இல்லாத இடம்தான் அதுக்கு வசதி. அதன் ஸ்போர், அதாவது விதை மாதிரியான வடிவம், 100 டிகிரி கொதியையும் தாங்கும். குழம்பைக் கொதிக்க வச்சு, காற்றை எடுத்து, வெளியே வச்சீங்கன்னா அதுக்கு நீங்களே வீடு கட்டித் தர்றீங்க.

4/
அது வெளிவிடும் நச்சு நரம்பைத் தாக்கும். இமை தொங்கும், பார்வை ரெண்டா தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு விடும் தசைகளும் செயலிழந்து வென்டிலேட்டர் தேவைப்படலாம். அரிதான நோய்தான். ஆனா இந்த அறிகுறி வந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டில் காத்திருக்காதீங்க.

"மோந்து பாத்தா தெரியாதா?"ன்னு கேட்டாங்க அம்மா. தெரியாதும்மா. நச்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை.

5/
அதனால ஒரே விதி: சீல் பண்றதுக்கு முன்னாடி எதை ஃபிரிட்ஜில் வைப்பீங்களோ, அதை சீல் பண்ண பிறகும் ஃபிரிட்ஜில்தான் வைக்கணும்.
சமைச்சதுன்னா 3, 4 நாள். அதுக்கு மேலன்னா ஃப்ரீசர், மைனஸ் 18 டிகிரி.
ஃப்ரீசர் மீனை உருக வைக்கும்போது பையைத் திறந்து, ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைங்க.

6/
பச்சைப் பூண்டு, வெங்காயம், காளான் இதையெல்லாம் சீல் பண்ணாதீங்க. இட்லி மாவும் வேண்டாம். புளிக்கும்போது வாயு வந்து பை பலூன் ஆயிடும்.

7/
சரி, எந்த மிஷின்? வீட்டுக்கு விலை குறைஞ்சதே போதும். பார்க்க வேண்டியது:
• காற்றை உறிஞ்சாம சீல் மட்டும் பண்ணும் பட்டன்
• ஈரமான பொருளுக்குத் தனி மோட்
• கழற்றி மாற்றக்கூடிய ரப்பர் கேஸ்கட்
• அகலமான சீல் கோடு

அடுத்தடுத்து சீல் பண்ணாம நடுவில் ஆற விடுங்க. குழம்பை டப்பாவில் உறைய வச்சுட்டு அப்புறம் பையில் போடுங்க, இல்லைன்னா மிஷின் அதையும் உறிஞ்சும்.

8/
உண்மையான செலவு பைதான். இந்த வகை மிஷின்ல வழவழப்பான சாதாரண கவர் வேலை செய்யாது. உள்பக்கம் வரிவரியா இருக்கும் பைதான் வேணும். அந்த ரோல் என்ன விலை, எந்தக் கம்பெனி ரோலும் பொருந்துமான்னு பார்த்துட்டு மிஷினை ஆர்டர் போடுங்க.

வந்ததும் ஒரு பையில் அரிசி போட்டு சீல் பண்ணி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் தளர்ந்திருந்தா, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள திருப்பி அனுப்பிடுங்க.

9/
என் கருத்து: மொத்தமா கறி, மீன் வாங்கி ஃப்ரீசரில் வைக்கிறவங்களுக்கும், பொடி, பருப்பு தூரமா அனுப்புறவங்களுக்கும் இது நல்ல பொருள். தினமும் வாங்கி, தினமும் சமைச்சு சாப்பிடுற வீட்டுக்கு இது தேவையே இல்லை. அந்தக் காசுக்கு மூடி இறுக்கமான நாலு டப்பா வாங்குங்க.

10/
போன வாரம் கொரியர் வந்துச்சு. பருப்புப்பொடி, வறுத்த வேர்க்கடலை, மோர் மிளகாய். எல்லாம் கச்சிதமா சீல் பண்ணி, மேல தேதி எழுதி.

கோழிக்குழம்பை லீவு கிடைச்சதும் ஊருக்கே போய் சுடச்சுட சாப்பிட்டுக்கறேன்.

உங்க அம்மாவும் இப்படி ஒரு மிஷின் வாங்கியிருந்தா இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.