நாயனத்தை ஹாரனில் அடைக்க வேண்டாம்

நாமக்கல் டீக்கடைகளுக்கு வரும் செய்தித்தாளில் முதலில் படிக்கப்படுவது முட்டை விலைதான். பண்ணைக்காரர், தீவனம் ஏற்றும் லாரிக்காரர், ஆம்லெட் போடும் தள்ளுவண்டிக்காரர் என்று எல்லாரும் அந்த நாலு வரியைத்தான் தேடுவார்கள். ஐந்து காசு ஏறினால் பெஞ்சில் ஒரு பேச்சு, ஐந்து காசு இறங்கினால் வேறு பேச்சு. 2025 ஏப்ரலில் ஒருநாள் முட்டை விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியபோது அந்தச் செய்தி கண்ணில் பட்டது. வாகன ஹாரன்களில் இந்திய இசைக்கருவிகளின் ஓசை மட்டுமே வரவேண்டும் என்று சட்டம் கொண்டுவர யோசிப்பதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்காரி பேசியிருந்தார். புல்லாங்குழல், தபேலா, வயலின், ஆர்மோனியம் என்று வரிசை போட்டிருந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாடி கட்டும் பட்டறையில் லாரிகளுக்கு ஒயரிங் செய்வது என் தொழில். 27 வருஷம் ஆகிறது. "ஏனுங்ணா, இனி ஆர்மோனியப் பெட்டி ரிப்பேரும் கத்துக்கோணுமுங்களா?" என்றான் ஒரு டிங்கர் தம்பி. எல்லாரும் சிரித்தோம். பட்டறைக்குப் போய் டெஸ்ட் லாம்பைக் கையில் எடுத்தபோது சிரிப்பு போய்விட்டது. அமைச்சர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். காதைக் கிழிக்கும் சத்தத்துக்குப் பதில் இனிமையான ஓசை வரட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த யோசனை தவறு என்பதே என் கருத்து. ஹாரன் மாட்டுகிற கையால்தான் இதை எழுதுகிறேன்.

முன்னெல்லாம் ஓசூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் சேஸ் மட்டும்தான் வரும். கேபின் இல்லாத வெறும் சட்டத்தில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு டிரைவர் ஓட்டி வருவார். தச்சர், வெல்டர், டிங்கர், பெயின்டர் எல்லாரும் தொட்டுமுடித்த பிறகு லாரி எங்களிடம் வரும். விளக்கு, இண்டிகேட்டர், பாட்டுப்பெட்டி, கடைசியாக ஹாரன். அந்த ஹாரனில்தான் முதலாளிக்கும் டிரைவருக்கும் ஆசை அதிகம். "அஞ்சு டோன் ஒண்ணு மாட்டிக் குடுங்ணா, ஊருக்குள்ள போனா நம்ம வண்டின்னு தெரியோணும்" என்பார்கள். பிரேக்குக்குக் காற்று தருகிற அதே கம்ப்ரசரின் காற்றில், வரிசையாக நிற்கும் குழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதும். சினிமாப் பாட்டின் முதல் அடி, பாம்பாட்டி மகுடி என்று என்னவெல்லாமோ வாசிக்கும். என் கையால் எத்தனையோ மாட்டியிருக்கிறேன்.

அது சட்டப்படி கூடாது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட சுரம் மாறிமாறி ஒலிக்கும் ஹாரன் எந்த வண்டியிலும் இருக்கக்கூடாது. மிகக் கடுமையாகவோ, மிரட்டும்படியோ ஒலிப்பதும் கூடாது. அந்த விதியைப் படித்தபிறகு நான் மல்டி டோன் மாட்டுவதில்லை. கேட்டு வந்தவர்களில் சிலர் அடுத்த பட்டறைக்குப் போனார்கள். போகட்டும்.

டிரைவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாமக்கல்லில் லோடு ஏற்றி வடக்கே போகிறவர்கள் வாரக்கணக்கில் வீட்டைப் பார்ப்பதில்லை. ரோட்டோரம் நின்று கையைக் காட்டி ஹாரன் கேட்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை அடித்துக் காட்டுவது அவர்களுக்குக் கிடைக்கிற சின்னச் சந்தோஷம். இந்தோனேசியாவில் இதே விளையாட்டை விளையாடுகிறார்கள். ஜாவாவில் பிள்ளைகள் சாலையோரம் நின்று பஸ் டிரைவர்களிடம் "ஓம் தெலோலெட் ஓம்" என்று கத்துவார்கள். மாமா, அந்தத் தெலோலெட் சத்தத்தைப் போடுங்கள் மாமா என்று அர்த்தம். 2016 டிசம்பரில் அது உலகம் முழுக்கப் பரவியது. அந்த வீடியோவைப் பார்த்தபோது பரமத்தி ரோட்டில் நிற்கும் நம் பிள்ளைகளைப் பார்த்த மாதிரியே இருந்தது.

சத்தமே வேண்டாம் என்று சொல்கிறவனும் அல்ல நான். பிறந்தது பள்ளிபாளையத்தில், தறி ஓடும் வீட்டில். தொட்டிலுக்கு நாலடி தள்ளி விசைத்தறி. ராத்திரி முழுக்க அந்த அடியில்தான் தூங்குவோம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எங்களுக்கு முழிப்பு வரும். அப்பா எழுந்துபோய் ஃபியூஸைப் பார்ப்பார், அம்மா எங்களைத் தட்டிக்கொடுப்பாள். கரண்ட் வந்து தறி மறுபடி அடிக்க ஆரம்பித்ததும் கண் தானாக மூடிக்கொள்ளும். தறி ஓடினால் சோறு உண்டு என்பது எங்கள் காதுக்குத் தெரிந்திருந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் உட்கார்ந்து பாருங்கள். சலங்கை கோத்து முடித்ததும் ஒரு உதறு உதறி, காதருகே வைத்துக் கேட்பார்கள். அந்தச் சின்ன ஓசை சரியாக இருந்தால்தான் அடுத்த ஜதையை எடுப்பார்கள். ஒரு ஓசை எதற்காக வருகிறது என்பதைக் காது கற்றுவைத்துக்கொள்கிறது. ஹாரன் விஷயத்தில் என் பயம் அதுதான்.

எங்கள் தெருவில் ஒரு காரின் ரிவர்ஸ் ஹாரன் 'ஹேப்பி பர்த்டே' மெட்டில் ஒலிக்கும். என் அக்கா பேரனுக்கு மூன்றாவது பிறந்தநாள். கேக்கை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லாரும் கைதட்டிப் பாட ஆரம்பித்தோம். பையன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்து, "தாத்தா, காரு வருது" என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றான். வீடே சிரித்தது. தூக்கி முத்தம் கொடுத்தோம். ராத்திரி படுத்தபோது அது வேறு மாதிரித் தோன்றியது. அந்தக் குழந்தைக்கு அந்தப் பாட்டு வாழ்த்தாகச் சேரவில்லை. வண்டி வருகிறது, விலகு என்றுதான் சேர்ந்திருக்கிறது.

தைவானில் குப்பை வண்டிகள் பீத்தோவனின் 'ஃபர் எலிஸ்' இசையோடு தெருவுக்கு வருகின்றன. மெட்டு கேட்டதும் ஜனங்கள் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். ஊர் சுத்தமாக இருப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே வளரும் பிள்ளை பியானோ வகுப்பில் அதே மெட்டைக் கேட்கும்போது என்ன நினைக்கும்? இங்கே நாயனத்துக்கும் அந்த நிலைமை வரவேண்டுமா? பங்குனித் தேருக்கு நரசிம்மர் கோயில் வாசலில் நாயனம் எழும்போது உடம்பு சிலிர்க்கிறது. அதே ஓசை தினமும் பைபாஸில் பின்னாலிருந்து அடித்து நம்மை ஓரங்கட்டினால், கோயில் வாசலில் கேட்டாலும் கால் தானாக ஒதுங்கும். வயலின் கேட்டால் தோள் குறுகும். புல்லாங்குழல் கேட்டால் குழந்தையின் கையை இறுக்கிப் பிடிப்போம்.

2021-இல் நாசிக்கில் அமைச்சர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் சைரனுக்குப் பதிலாக, அதிகாலையில் ஆகாசவாணியில் ஒலிக்கும் இசையைப் பயன்படுத்தலாம் என்று யோசிப்பதாக. இதைப் படித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வருத்தம் வந்தது. அந்த இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன். ஐரோப்பாவில் யூதர்களுக்குக் காலம் கெட்டுவந்த சமயம், 1934-இல் பம்பாய்க்கு வந்து, அங்கே வானொலியில் இசைப் பொறுப்பில் இருந்தவர். சிவரஞ்சனி ராகச் சாயல் என்பார்கள். எங்கள் வீட்டில் திருச்சி நிலையம்தான் பிடிக்கும். விடியும் முன்னே அப்பா ரேடியோவைத் திருகுவார். தம்பூராவின் மேல் அந்த வயலின் வரும். அடுப்பில் அம்மா தண்ணீர் வைத்திருப்பாள். இந்த நாட்டில் எத்தனை வீடுகள் அந்த ஓசையில் விடிந்திருக்கும்! அதை ஆம்புலன்ஸில் வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அது யாரோ உயிருக்குப் போராடுகிற ஓசையாகிவிடும். சைரன் சைரனாகவே இருக்கட்டும். கேட்டதும் பதறி வழிவிட வேண்டும், அதற்குத்தான் அது.

வேண்டியது இனிமை அல்ல, குறைவு. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000-ஆவது வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்க வழி இருக்கிறது. லாரியின் பின்பக்கம் 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' என்று எழுதுவதை 2015-இல் மகாராஷ்டிரா தடை செய்தது. அடிக்கச்சொல்லி நாமே எழுதிவைத்துவிட்டு, அடிக்கிறார்களே என்று குறைசொல்வது நியாயமில்லை. 2020-இல் மும்பை போலீஸ் ஒரு சிக்னலைக் காட்டினார்கள். ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். கேரளாவில் 2025 அக்டோபரில் பறிமுதல் செய்த ஏர் ஹாரன்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். ரோலர் தேவைதானா என்று எனக்குத் தோன்றியது உண்மை. மும்பைக்காரர்களின் யோசனைதான் எனக்குப் பிடித்தது. அடிக்காமல் காத்திருந்தால் சீக்கிரம் போகலாம் என்று டிரைவருக்கே புரிகிறது.

எங்கள் பக்கம் ரோட்டோரப் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள். திடீர்ச் சத்தம் வந்தால் கோழி மிரளும், கூண்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையில் ஷெட்டுக்குள் எந்நேரமும் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும். ஆள் சத்தம் பழகினால் மிரளாது என்று வைத்திருக்கிறார். அவர் கோழிகளுக்கு இளையராஜா மெதுவாகக் கேட்கிறது. ரோட்டில் போகிற நமக்கு அதே பாட்டு ஹாரனில் காதைப் பிளக்கிறது.

டிரைவர் தம்பிகளுக்குப் பாட்டு வேண்டும். கேபினுக்குள் நல்ல ஸ்பீக்கர் வையுங்கள், ராத்திரி ஓட்டத்துக்கு அது துணை. அந்த ஒயரிங்கை நான் ஆசையோடு செய்து தருகிறேன். வெளியே கம்பெனி கொடுத்த ஒற்றைக் குரல் ஹாரன் போதும். ஏற்கெனவே மல்டி டோன் மாட்டியிருக்கும் வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். கழற்ற அரை மணி நேரம் ஆகும். அதற்கு நான் கூலி வாங்குவதில்லை.