உன் பெயரை எப்படி எழுதுகிறாய்?

வங்கிக்குப் போகிறாய். பெயர் கேட்கிறார்கள். "ஜைனுல் ஆபிதீன்" என்கிறாய். "எப்படி எழுதணும் பாய்?" நீயும் எழுத்தெழுத்தாகச் சொல்கிறாய். இது சின்னத் தொல்லைதான், சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். (அரபி எழுத்துகளின் வேறுபாட்டை அங்கே நின்று விளக்க ஆரம்பித்துவிடாதே, பின்னால் வரிசை நிற்கிறது!)

ஆனால் நம் வீட்டில் என்ன நடக்கிறது? முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் வாப்பாவுக்கு 'ஓ' போட்டு எழுதினோம், மகனுக்கு 'யு' போட்டோம், பேரனுக்கு வெறும் 'எம்.டி.' கணினிக்கு அது யாருடைய இனிஷியலோ! பான் அட்டையை ஆதாருடன் இணைக்க 2023 ஜூன் 30 வரை கெடு வைத்தார்களே, அப்போது எழுத்து ஒத்துப்போகாமல் கடையைப் பூட்டிவிட்டு அலைந்தவர்களைக் கேட்டுப் பார்.

தவறாக எழுதியது யாரோ ஓர் ஊழியர். திருத்தக் கட்டணம் கட்டுவது நீ! இது என்ன நியாயம்? இதைக் கேட்கத்தான் வேண்டும், கேட்போம்.

அதற்குமுன், இந்த ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் எல்லா அட்டைகளையும் பாயில் பரப்பு. பள்ளிச் சான்றிதழோடு ஒப்பிடு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். அவசரப்பட்டு ஒன்றை வீணாக்கிவிடாதே.