தவறென்று ஒப்புக்கொள்ளும் யோக்கியதை

இருதயம் நின்று கீழே விழுந்தவன், மார்பை அமுக்கி மின்சார அதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்துக் கொண்டால், நம் மக்கள் என்ன சொல்லுகிறார்கள்? “எமன் வீசிய கயிற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டான், அவள் தாலி பாக்கியம்” என்கிறார்கள். மொட்டைக்கும் அபிஷேகத்துக்கும் பணம் போகிறது. மார்பை அமுக்கியவனின் கைவலியைக் கேட்பார் இல்லை.

துடிப்பு திரும்பியதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. இரத்த ஓட்டம் நின்ற சில நிமிஷங்களிலேயே மூளை கெடத் தொடங்குகிறது. ஓட்டம் திரும்பிய பிறகும் அந்தக் கேடு வளருகிறது. உடலைக் குளிர வைத்தால் இதைத் தடுக்கலாமா என்று வைத்தியர்கள் யோசித்தார்கள். 2002-ல் வெளிவந்த ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பரீட்சைகள் இரண்டும், நினைவு திரும்பாதவர்களை 33 டிகிரி அளவுக்குக் குளிர வைத்தால் நன்மை உண்டு என்றன. ஆஸ்பத்திரிகள் பலவும் அதைக் கைக்கொண்டன.

அதோடு, “பெரியோர் சொல்லிவிட்டார்கள்” என்று வாயை மூடிக்கொண்டார்களா? இல்லை. 2013-ல் 900-க்கு மேற்பட்டவர்களை 33, 36 என்ற இரண்டு அளவில் வைத்துப் பார்த்தார்கள், வித்தியாசம் காணவில்லை. 2021-ல் 1,850 பேரின் கணக்கு வந்தது. ஒரு பாதியினரைக் குளிர வைத்தார்கள்; மறு பாதியினருக்கு ஜுரம் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர் அங்கே நூற்றுக்கு 50, இங்கே 48. குளிர வைத்ததால் லாபமில்லை என்று அவர்களே அச்சிட்டுச் சொன்னார்கள். ஆகவே இன்று, உஷ்ணம் 37.5 டிகிரிக்கு மேல் போகாமல் காப்பதே முக்கியம் என்கிறார்கள்.

“நேற்று ஒன்று, இன்று ஒன்று! இதுதானா உங்கள் விஞ்ஞானம்?” என்று வைதீகர் சிரிப்பார். ஆம், அதுதான் அதன் யோக்கியதை. தன் சொல்லைவிட நோயாளியின் உயிர் பெரிதென்று நினைப்பவன்தான் தன் சொல்லை மாற்றிக் கொள்வான். இவ்வளவு செய்தும் பாதிப்பேர் செத்தார்கள் என்பதையும் அவன் மறைக்கவில்லை. பரிகாரம் செய்தவரில் இத்தனை பேர் பிழைத்தார்கள், செய்யாதவரில் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எந்தப் புரோகிதராவது கணக்குக் காட்டியதுண்டா? பிழைத்தால் பரிகாரம் பலித்தது, செத்தால் தலைவிதி. இந்த வியாபாரத்தில் நஷ்டம் ஏது?

தோழர்களே! ஒருவர் பேச்சுமூச்சின்றி விழுந்தால் விபூதி தேடாதீர்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, உடனே மார்பின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அமுக்குங்கள். ஊர்தோறும் இதைக் கற்பியுங்கள். எமனோடு வாதாடிய சாவித்திரி கதையை நம் பெண்களுக்குச் சொன்னது போதும். நின்ற இருதயத்தை அமுக்கி ஓட்டக் கற்றுக் கொடுப்போம்.