தலைக்கவசக் கமரா யாருக்குச் சாட்சி?

2021 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் மைக்ரோசொப்ட்டுடன் செய்த ஒப்பந்தத்தின் பெறுமதி 10 ஆண்டுகளில் 21.9 பில்லியன் டொலர் வரை. தலைக்கவசத்தில் பொருத்தும் கமரா இருளிலும் பார்க்கும். கண்முன் உள்ள திரை வரைபடத்தைக் காட்டும். பரிசோதனையில் சிப்பாய்களுக்குத் தலைவலியும் குமட்டலும் ஏற்பட்டன. 2025இல் பொறுப்பு அன்டுரில் நிறுவனத்திற்குக் கைமாறியது.

சிப்பாயின் பாதுகாப்பே அங்கு பேசப்படுகிறது. எனது கேள்வி வேறு: அந்தக் கமரா கண்டது யாரிடம் இருக்கும்? 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய, கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காணொளி, சிப்பாய் ஒருவரின் கைத்தொலைபேசியில் பதிவானதாகக் கூறப்பட்டது. அரசு அதைப் போலி என்றது. ஆனாலும் கசிந்ததால் உலகம் பார்த்தது, நிபுணர்கள் ஆராய்ந்தார்கள்.

தலைக்கவசக் கமராவின் பதிவோ படைத்தரப்பின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அழிப்பதும் வெளியிடுவதும் அவர்கள் கையில். பதிவுகளைப் பாதுகாத்துச் சுயாதீன விசாரணைக்குக் கையளிக்கும் கடப்பாடு சட்டத்தில் இல்லாவிட்டால், கமரா இருந்தும் சாட்சி இருக்காது.