நிறுத்து வாங்கும் அச்சும் நாமும்

அறுவடை நாட்களில் எமது கிராமத்து வீதிகளில் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையாகப் போவதைக் காண்கிறோம். நெல்லும் விறகும் மணலும் அவற்றில்தான் போகின்றன. அரிவு வெட்டுக்குப் போகும் பெண்களும், மடுத் திருவிழாவுக்குச் செல்லும் குடும்பங்களும் அவற்றில்தான் ஏறுகின்றனர். பெட்டிக்கு என்ன நிறம் பூசுவது, பின்பலகையில் யாருடைய பெயரை எழுதுவது என்று வீட்டார் கூடியிருந்து பேசுவார்கள். அடியில் கிடக்கும் அச்சு எந்த வாகனத்திலிருந்து கழற்றப்பட்டது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

பிறரைக் குறைகூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. குற்றம் எம்மிடமும் உண்டு. 2016ஆம் ஆண்டு எமது உதவித் திட்டமொன்றின் கீழ் ஒரு கமக்காரர் குழுவுக்குப் பெட்டியொன்று செய்து கொடுத்தோம். மூன்று விலைமனுக்களைப் பெற்று ஆகக் குறைந்ததைத் தெரிவு செய்தோம். கணக்காய்வாளருக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. இரண்டாவது போகத்தில், 38 மூடை நெல்லுடன் ஆலைக்குப் போகும் வழியில், இடப்பக்கச் சக்கரம் தண்டின் ஒரு துண்டையும் இழுத்துக்கொண்டு கழன்று வயலுக்குள் ஓடியது. மூடைகளின் மேல் இருந்த பதினான்கு வயதுப் பையனின் கால் முறிந்தது.

முறிந்த தண்டைப் பிறகு பார்த்தோம். முறிவு முகத்தில் பெரும்பகுதி மழமழவென்று கறுத்து, சிப்பி ஓட்டின் வரிகளைப் போன்ற கோடுகளுடன் இருந்தது. ஓரத்தில் சிறிய பகுதி மட்டுமே புதிதாக மினுங்கிச் சொரசொரப்பாக இருந்தது. அதாவது, அன்று முறிந்தது அந்தச் சிறிய பகுதிதான். மீதி எல்லாம் பல மாதங்களாகச் சிறிது சிறிதாக வெடித்து வந்திருக்கிறது. நாம் அதை வாங்கும்போதே வெடிப்பு இருந்திருக்கவும் கூடும். யாரும் பார்க்கவில்லை.

எமது பகுதிகளில் பழைய அச்சு பெரும்பாலும் நிறுத்துத்தான் விற்கப்படுகிறது. பாரமானது பலமானது என்ற எண்ணம் வாங்குபவருக்கும் உண்டு, விற்பவருக்கும் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மூன்று அங்குல விட்டமுள்ள இரும்பின் நடுவே இரண்டு அங்குலத் துளை இருந்தால் அதன் நிறையில் 44 வீதம் போய்விடும். வளைவைத் தாங்கும் பலத்தில் 20 வீதம்தான் குறையும். ஆகவே குழாய் என்பதற்காக ஓர் அச்சைத் தள்ளிவிடக் கூடாது. மறுபுறம், தண்டின் விட்டத்தில் சிறிய வித்தியாசம் பெரிய காரியம். ஒரே தரமான இரும்பில் 25 மில்லிமீற்றர் தண்டைவிட 30 மில்லிமீற்றர் தண்டு ஏறத்தாழ 1.7 மடங்கு பலமுடையது. தராசு இதைக் காட்டாது.

ஆனால் தடிப்பைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பாரத்தைத் தாங்குவது எது, தண்டா, உறையா? கராஜ்களில் ‘புல் புளோட்டிங்’ என்று சொல்லும் வகையில், சக்கரத்தின் ஹப் இரண்டு பெயாரிங்குகளுடன் உறையின் நுனியில் இருக்கிறது. உள்ளே போகும் தண்டு சக்கரத்தைச் சுற்றுவதற்கு மட்டுமே. தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். ‘செமி புளோட்டிங்’ வகையில் சக்கரம் தண்டின் நுனியிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. பாரமும் தண்டின் மேல், சுற்றும் தண்டின் மேல். தண்டு முறிந்தால் சக்கரம் போய்விடும். எமது பெட்டியில் நடந்தது இதுவே.

சுற்றும் தண்டு பாரத்தைத் தாங்குவது எவ்வளவு கெடுதி என்பதை ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்ப்பவர் அறிவார். 7.50–16 ரயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 400 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தண்டு ஒருமுறை அப்படியும் ஒருமுறை இப்படியும் வளைகிறது. ஆலைக்குப் பத்துக் கிலோமீற்றர் என்றால் 4000 தடவை. சுற்றாத உறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டையும் பிரித்தறிவதற்குப் பொறியியல் படிப்புத் தேவையில்லை. சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். சக்கர நட்டுகளுக்கு உள்ளே, ஹப்பின் முகத்தில் இன்னொரு வட்டமாக ஆறோ எட்டோ போல்ட்டுகளுடன் ஒரு தட்டுத் தெரிந்தால் அது பெரும்பாலும் புல் புளோட்டிங். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரம் நிலத்தில் நிற்கும்போதே தண்டை வெளியே இழுக்கலாம். நடுவில் ஒரு பெரிய நட்டும் பின்னும் மட்டும் இருந்தாலோ, ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

வாகனத்தின் பெயரை மட்டும் கேட்டு நம்பிவிடவும் முடியாது. “ஜீப் அச்சு, ஐயா” என்றுதான் எமக்கும் சொன்னார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சு புல் புளோட்டிங். அதன் வழிவந்த பிந்திய சிவில் ஜீப்புகளில் பின் அச்சு செமி புளோட்டிங். தண்டின் நுனி கூம்பாகி, சாவி வைக்கும் வெட்டுடன் இருக்கும். அந்த வெட்டின் மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும். ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளின் பின் அச்சும் செமி புளோட்டிங்தான். தமக்குரிய வேலைக்கு நல்லவை. 40 மூடை நெல்லுக்கு உரியவை அல்ல. லாண்ட் ரோவரின் பிந்திய சீரீஸ் வண்டிகளில் பின் அச்சு புல் புளோட்டிங். அவற்றிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றின் பின்புறம் மூடியில்லாமல் ஒட்டிய வளைந்த தகடாக இருக்கும். மற்றது நடுவில் கனத்த வார்ப்பும், பின்னே போல்ட் போட்ட மூடியும் உடையது, சாலிஸ்பரி என்பார்கள். நீண்ட உடல் கொண்ட வண்டிகளுக்கு வந்தது இதுவே. இரண்டில் பலமானதும் இதுவே. டாட்டா 1210, லேலண்ட் கொமெட் போன்ற லொறிகளின் பின் அச்சுகள் எல்லாம் புல் புளோட்டிங். பெட்டிக்கு இவற்றின் தண்டுகளைக் கழற்றி, ஹப்பின் வாயைத் தட்டுப் போட்டு மூடிவிட்டால் உறை மட்டும் பாரத்தைத் தாங்கும். செமி புளோட்டிங் அச்சில் அப்படிச் செய்ய இயலாது.

வகை சரியாயிருந்தாலும் அந்த ஒரு துண்டு இரும்பின் சரித்திரம் என்ன என்பது வேறு கேள்வி. 2009இல் போர் முடிந்தபின் வன்னியில் எரிந்தும் கைவிடப்பட்டும் கிடந்த வாகனங்கள் பெருந்தொகையாகப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போயின. நெருப்பில் கிடந்த தண்டு பதம் இழந்த தண்டு. அதன் மேல் கறுப்பு வர்ணம் பூசிவிட்டால் நல்லதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணெய்ச் சீல் கருகியிருக்கிறதா, உள்ளே கிறீஸ் பொருக்காகி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறை நுனியில் பெயாரிங் இருக்கும் இடம் நீலம் பாரித்திருந்தால் அது எப்போதோ காய்ந்து இறுகியது. தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்திருப்பார்கள். அது எமக்கு வேண்டாம். லொறி அச்சு அகலம் என்று நடுவே வெட்டிக் குறுக்கி ஒட்டுவதும் வழக்கம். உள்ளே இறுக்கமான குழாய்த் துண்டு வைக்காமல் வெறுமனே முட்டி ஒட்டியதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. தண்டின் நுனியிலுள்ள பல்வெட்டுகள் நேராக ஓடாமல் முறுகியிருந்தால் அந்தத் தண்டு ஏற்கெனவே தன் எல்லையைக் கடந்துவிட்டது.

வெடிப்பைக் காண்பதற்குப் பழைய மெக்கானிக்குகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வர்ணத்தையும் கிறீஸையும் சுரண்டித் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் பூசிக் கால் மணித்தியாலம் விட வேண்டும். பின் நன்றாக உலரத் துடைத்து, வெண்கட்டித் தூள் தடவி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து வெண்மையில் மயிர்க்கோடு ஒன்று தெரியும். வில்லுத் தகடு அமரும் இடத்திலும், உறை நுனி தொடங்கும் இடத்திலும், தண்டின் விட்டம் மாறும் மூலைகளிலும் இதைச் செய்ய வேண்டும். எமது பெட்டியின் அச்சுக்கு இதைச் செய்திருந்தால் அரை மணித்தியாலம் போயிருக்கும்.

பழைய அச்சே வேண்டாம், புதிதாக வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் படிப்படியாகத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் கமக்காரரைத் தாங்கியவை பழைய பாகங்களே. தெரிந்து எடுத்த ஒரு பழைய லொறி அச்சு, மலிவாக ஒட்டிச் செய்த புதிய அச்சைவிட நம்பத்தக்கது. பிழை பழமையில் அல்ல, பாராமல் வாங்குவதில். அதைவிட, ஏழைகளுக்குக் கொடுப்பதுதானே என்று ஆகக் குறைந்த விலையில் கையெழுத்திடும் எம்மைப் போன்ற நிறுவனங்களில்தான் அதிகம். எமது அலுவலகத்துக்கு வாகனம் வாங்கும்போது நாம் அப்படிச் செய்வதில்லை.

இப்போது எமது விலைமனுப் பத்திரத்தில் சில வரிகளைச் சேர்த்திருக்கிறோம்: அச்சு எந்த வாகனத்தினது, எந்த வகை, உறையின் வெளி விட்டம் எவ்வளவு, எங்கெங்கு ஒட்டப்பட்டிருக்கிறது, பெயாரிங்குகள் புதியனவா. வர்ணம் பூசுமுன் நாமும் குழுவின் இருவரும் வந்து மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் வைத்துப் பார்ப்போம் என்றும் எழுதியிருக்கிறோம். கடைசியாகப் பத்திரம் கொடுத்த மூன்று வேலைத்தளங்களில் ஒன்று அதை நிரப்பாமலே திருப்பித் தந்துவிட்டது. மற்ற இரண்டும் விலையைக் கூட்டித்தான் போட்டிருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் நிதிப் பொறுப்பாளருக்கு அதற்கான காரணத்தை நாம் சொல்ல வேண்டியிருக்கும். முறிந்த தண்டையும் மேசையில் வைக்க எண்ணியிருக்கிறோம்.