சீழைக் கரைக்கும் நொதிகள்: விடை தேட முன்வருவோர் யார்?

மாரடைப்பு நோயாளிகளின் இரத்தக் கட்டிகளைக் கரைப்பதற்கென 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நொதி ஆல்டிப்ளேஸ். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரலில் தேங்கும் சளியை இளக்குவதற்காக 1993இல் வந்தது டார்னேஸ் ஆல்ஃபா. இரண்டுமே கிருமிகளைக் கொல்பவை அல்ல. ஆயினும் நிமோனியாவைத் தொடர்ந்து நுரையீரல் உறைக்குள் சீழ் கட்டும் தொற்றுக்கு இவை இன்று சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன.

இந்நோயில் மார்பில் குழாய் செருகிச் சீழை வெளியேற்றுவது வழக்கம். ஆனால் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் உறைக்குள் சிறு அறைகளைக் கட்டிவிடுவதால் குழாய் ஓர் அறையை மட்டுமே வடிக்கும். மடிந்த வெள்ளையணுக்களின் டி.என்.ஏ. சீழைக் கெட்டியாக்கிவிடும். ஆல்டிப்ளேஸ் தடுப்புச் சுவர்களைக் கரைக்கிறது; டார்னேஸ் சீழை நீர்க்கச் செய்கிறது.

இந்த எண்ணம் புதிதன்று. பாக்டீரியாவிலிருந்து பெற்ற நொதிகளை இதே நோக்கில் பயன்படுத்திய அனுபவத்தை டில்லெட், ஷெர்ரி என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1949லேயே வெளியிட்டனர். ஆனால் 454 நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸ் நொதியைத் தனியாகச் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு, அதனால் பயனில்லை என்று 2005இல் அறிவித்தது. விவகாரம் அத்துடன் முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. 2011இல் வெளியான அடுத்த ஆய்வில் இரு நொதிகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் 4 சதவீதத்தினரே மூன்று மாதங்களுக்குள் அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். போலி மருந்து பெற்றவர்களில் இது 16 சதவீதம். மருத்துவமனையில் தங்கும் காலமும் ஏறத்தாழ ஒரு வாரம் குறைந்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது எதுவும் பலன் தரவில்லை. டார்னேஸ் மட்டும் பெற்றவர்களில் அறுவை சிகிச்சைப் பரிந்துரை அதிகரிக்கவே செய்தது. எனவே 2005இல் தவறியது நொதிச் சிகிச்சை என்ற கருத்தல்ல, ஒரே நொதியை நம்பியதுதான் எனக் கொள்ள இடமுண்டு.

எனினும் இந்த நம்பிக்கை நிற்பது 210 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்த ஓர் ஆய்வின் மீது. உயிரிழப்பு குறைகிறதா என்பதற்கு அது விடை தரப் போதாது. குழாய் வடிப்பு நின்ற பின்னும் சீழ் எஞ்சியிருப்போருக்கு இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்ற அளவோடு பிரிட்டிஷ் மார்பு நோய் மருத்துவச் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் நிற்கின்றன. இரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

பெரிய ஆய்வை நடத்துவதில் உற்பத்தியாளர்களுக்கு ஆதாயம் குறைவு, மருந்துகள் பழையவை. மார்பு அறுவை நிபுணர் இல்லாத ஊர்களில்தான் இது மிகவும் பயன்படும். அங்கோ, மூன்று நாட்களில் ஆறு முறை செலுத்த வேண்டிய இவ்விரு மருந்துகளின் விலை கட்டுப்படியாகாது. ஆல்டிப்ளேஸின் அளவைப் பாதியாக்கியும் பலன் கிடைப்பதாக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017இல் தெரிவித்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத, சிறிய ஆய்வு அது. அதை உறுதிப்படுத்தும் செலவை ஏற்க வேண்டியவை அரசுகளும் பொது நிதி அமைப்புகளுமே.