கத்தரிக்கோலை கொஞ்சம் தள்ளி வையுங்க!

"முழு அட்டை வேண்டாங்க, ஆறு மாத்திரை போதும்" என்று கேட்டு வாங்குகிறவரா நீங்கள்? நானும் அப்படித்தான். மாசக் கடைசியில் வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்க?

மாமல்லபுரத்தில் இருக்கும் மாமியாருக்குக் காய்ச்சல். பக்கத்து மருந்துக்கடையில் ஆறு மாத்திரை கேட்டேன். கடைப் பையன் கத்தரிக்கோலை எடுத்து, 'சரக்!' வீட்டுக்கு வந்து பார்த்தால் அட்டையில் தேதியும் இல்லை, பாட்ச் எண்ணும் இல்லை. எல்லாம் கடையிலேயே தங்கிவிட்ட துண்டில்! "ஏம்மா, இது புதுசா, பழசா?" என்றார் மாமியார். திருதிருவென்று முழித்தேன்.

இத்தனைக்கும் இதற்கு ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1-ம் தேதியிலிருந்து, பட்டியலிட்ட 300 மருந்து பிராண்டுகளில் கியூஆர் கோடு அல்லது பார் கோடு கட்டாயம். டோலோ, கால்பால், ஆக்மென்டின் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. செல்போனைக் காட்டிப் படித்தால் மருந்தின் மூலப்பெயர், தயாரித்த கம்பெனி, லைசென்ஸ் எண், பாட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் தெரிய வேண்டும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ஆனால், அட்டையில் இடம் போதாவிட்டால் கோடை வெளிப்பெட்டியில் அச்சடிக்கலாம் என்கிறது விதி. பெட்டி நம் கைக்கா வருகிறது? கடை அலமாரியில் அல்லவா இருக்கிறது! கடைக்காரர் மனசு வைக்காமல் இந்த வசதியால் நமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிராமத்து ஜனங்கள் வருகிறார்கள்! வெளியே மருந்து வாங்குகிறவர்களில் பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளும் உண்டு. அவர்களுக்குக் கடைக்காரரே தன் போனில் காட்டிப் படித்துச் சொன்னால் என்ன? காசு வாங்க மட்டும் கல்லாவில் கியூஆர் அட்டை பளபளவென்று நிற்கிறதே!

"கூட்ட நேரத்துல இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பார்கள். நியாயம்தான். குறைந்தபட்சம், தேதி இல்லாத பக்கமாக வெட்டுங்கள். கடைசித் துண்டு வரை தேதி அட்டையிலேயே இருக்கும். வெட்டிக் கொடுக்கும் துண்டுக்கு, கவரில் பாட்ச் எண்ணையும் காலாவதி தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

நீங்களும் பில் கேட்டு வாங்குங்கள். கோடு படித்துவிட்டதாலேயே மருந்து அசல் என்றும் நினைத்துவிடாதீர்கள். கோடையும் காப்பியடிக்க ஆள் இருக்கிறார்கள். போனில் தெரியும் பாட்ச் எண்ணும் தேதியும் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையா? மாத்திரையை விழுங்காமல், பில்லோடு மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

அடுத்த தடவை அதே கடையில், "தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுப்பா" என்றேன். பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் எடுத்துக் கொடுத்தான். பின்னாலிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "எனக்கும் காட்டச் சொல்லுங்க" என்றார்.